உடனடி இணைப்பு என்னும் பிடிவாதம்

ஒரு வர்த்தக ஸ்தாபனத்தில் இரண்டுக்கு மேற்பட்ட மென்பொருள்கள் இருக்குமானால் அவை யாவும் ஒன்றோடொன்று அந்தந்தக் கணத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்றும், ஏ.பி.ஐ. வழியாக நேருக்கு நேர் இணைக்கப்படாத ஏற்பாடு எதுவாயினும் அது பழம்பஞ்சாங்கம் என்றும், பகலெல்லாம் சேர்ந்த விவரத்தை இரவில் ஒரு கோப்பாகக் கட்டி அனுப்பும் வழக்கம் சென்ற நூற்றாண்டோடு ஒழிந்திருக்க வேண்டிய அநாகரிகம் என்றும் ஓர் அபிப்பிராயம் இன்று கேள்விமுறையின்றி நிலைபெற்றுவிட்டது. மென்பொருள் விற்க வருகிறவர் அதைச் சொல்கிறார். வாங்குகிறவர் அதையே திருப்பிச் சொல்கிறார். டெண்டர் ஆவணங்களில் "ரியல்-டைம் இணைப்பு அவசியம்" என்ற வரி, ஏன் அவசியம் என்ற விளக்கம் ஒரு சொல்லும் இல்லாமல், முதல் நிபந்தனையாக இடம்பெறுகிறது. இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், பெருஞ்செலவுக்கும் அதைவிடப் பெரிய குழப்பத்துக்கும் அது வித்திடுகிறது என்பதும் என் கட்சி.

எதிர்க்கட்சியின் வாதத்தை நோஞ்சானாக்கி நிறுத்திக்கொண்டு அடிப்பதில் பெருமை இல்லையாதலால், முதலில் அதை அதன் முழுப் பலத்தோடு எடுத்துரைப்போம். கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றை மனத்தில் கொள்க. டீலர்கள் ஆர்டர் போடுவதற்கு ஓர் இணையதளம், கிடங்கின் சரக்கிருப்புக்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு டேலி, வங்கியோடு ஒரு தொடர்பு, ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸுக்கு அரசாங்கத்தின் போர்ட்டல். நேற்றிரவு நிலவரத்தைக் காட்டும் இணையதளத்தை நம்பி, முற்பகலிலேயே விற்றுத் தீர்ந்துவிட்ட பம்புகளுக்குப் பொள்ளாச்சி டீலர் பிற்பகலில் ஆர்டர் போடுகிறார். கிடங்கு அச்சடித்த தாளைப் பார்த்துக் கணக்குப் பிரிவில் ஒருவர் மறுபடி தட்டச்சு செய்கையில் 1,360 என்பது 1,630 ஆகிவிடுகிறது. சனிக்கிழமை இரவு வரவேண்டிய கோப்பு வரவேயில்லை என்பது திங்கட்கிழமை மத்தியானம்தான் தெரிகிறது. வந்த கோப்பிலும் யாரோ ஒரு பத்தியை இடம் மாற்றிவிட்டபடியால் விலை இருக்கவேண்டிய இடத்தில் பின்கோடு நிற்கிறது. வியாபாரம் பெருகப் பெருக, இரவு வேலை விடிவதற்குள் முடியாமல் காலை வேலையின் மேல் ஏறி நிற்கிறது. இத்தனையும் உண்மை. இவற்றில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் இவையெல்லாம் நிரூபிப்பது என்ன? கவனிப்பாரற்ற கோப்புப் பரிமாற்றம் கேடு விளைவிக்கும் என்பதை நிரூபிக்கின்றன. ஒரே விவரத்தை இரண்டு முறை தட்டச்சு செய்யலாகாது என்பதை நிரூபிக்கின்றன. சரக்கிருப்பு என்ற ஒரு விவரம் புதிதாக இருக்க வேண்டும் என்பதையும் நிரூபிக்கின்றன. இவற்றிலிருந்து "ஆகவே எல்லா விவரமும், எல்லா இடத்துக்கும், எப்போதும் உடனே" என்ற முடிவுக்குத் தாவுவதற்கு நடுவில் பாலம் ஏதும் கிடையாது. 2003-ஆம் ஆண்டில் கிரெகர் ஹோபே, பாபி வுல்ஃப் என்ற இருவர் இத்துறைக்கு இலக்கண நூலாக அமைந்துவிட்ட ஒரு புத்தகத்தை வெளியிட்டபோது, மென்பொருள்களை இணைக்கும் வழிகள் நான்கு என்று வகுத்தார்கள்: கோப்பை அனுப்புதல், ஒரே தரவுத்தளத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ளுதல், ஒன்று மற்றொன்றை நேரே கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருத்தல், செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டுத் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போதல். அவர்களுடைய சாய்வு நான்காவதன் பக்கம் இருந்தது என்பது நூலைப் புரட்டிய எவருக்கும் தெரியும். இருந்தும் மற்ற மூன்றையும் அவர்கள் ஒழித்துக்கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் சந்தர்ப்பம் உண்டு என்றே எழுதினார்கள். இன்றைய அபிப்பிராயமோ மூன்றாவது வழி ஒன்றையே மோட்சமார்க்கமாக்கி, ஏனையவற்றை வரலாற்றுக் காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டது. இந்தத் தேர்வில் வேகம் ஒரு சிறு அம்சமே. எவர் எவருக்காகக் காத்திருக்க வேண்டும், இரண்டு கணக்குகள் முரண்பட்டால் எது பிரமாணம், அந்த முரணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே வேகத்தைப் பற்றிய பேச்சு எழ வேண்டும். அந்த மூன்றையும் கேளாமலே வேகத்தை முடிவு செய்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

1. உடனடி, உடனடி என்கிறார்களே, யாருக்கு உடனடி? காத்திருக்கும் மனிதர் ஒருவர் எதிரில் நின்றால் உடனடிக்குப் பொருள் உண்டு. எவரும் காத்திராத இடத்தில் அது வெறும் அலங்காரம். இதற்கு நம் தேசத்துப் பணப் பரிமாற்ற ஏற்பாடுகளைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி தொடங்கிய என்.இ.எஃப்.டி., 2019 டிசம்பர் முதல் இரவு பகல் பாராமல் நடந்துவந்தாலும், ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தனித்தனியே அந்தக் கணமே தீர்ப்பதில்லை. அரைமணிக்கொரு தொகுதியாக, நாளொன்றுக்கு 48 தொகுதிகளாகத் தீர்க்கிறது. இரண்டு லட்ச ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைகளை ஒவ்வொன்றாக உடனே தீர்ப்பதற்கு ஆர்.டி.ஜி.எஸ். என்ற வேறோர் ஏற்பாட்டை அதே ரிசர்வ் வங்கி பக்கத்திலேயே நடத்துகிறது. இரண்டையும் வைத்திருப்பது அறியாமையால் அன்று. தேவைகள் இரண்டு வகை என்பதால்.

இன்னும் மேலே போவோம். 2016-இல் வந்த யு.பி.ஐ.யை உடனடி யுகத்தின் கொடி என்றே எல்லாரும் கொண்டாடுகிறார்கள். டீக்கடையில் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து முடிப்பதற்குள் கடைக்காரரின் பெட்டி பணம் வந்ததைக் கூவி அறிவிக்கிறது. ஆனால் நம்முடைய வங்கி அவருடைய வங்கிக்கு அந்தப் பன்னிரண்டு ரூபாயை அதே கணத்தில் தனியாகக் கொடுத்துவிடுவதாக நினைத்தால் அது பிழை. வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலைக் கழித்துக்கொண்டு, நிகரத் தொகையை நாளில் சில முறை தொகுதி தொகுதியாகத்தான் தீர்த்துக்கொள்கின்றன. மனிதர் காத்து நிற்கும் முனையில் உடனடி, ஸ்தாபனங்கள் தீர்த்துக்கொள்ளும் முனையில் தொகுதி என்று பகுத்து வைத்த அந்த விவேகம்தான் அதன் வெற்றிக்கு ஒரு காரணம். அதன் வெற்றியைக் காட்டியே "எல்லாம் உடனே" என்று வாதிப்பவர்கள் அதன் பாதியை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

நம் பம்பு தொழிற்சாலைக்கு இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால், டீலருக்குக் கடன் வரம்பு மிச்சம் இருக்கிறதா என்பது ஆர்டர் எடுக்கும் கணத்தில் தெரிய வேண்டும். சரக்கிருப்பு சில நிமிஷங்களுக்குள் தெரிந்தால் போதும். அன்றைய விற்பனைத் தொகை பேரேட்டுக்கு இரவு போய்ச் சேர்ந்தால் ஏராளம். சம்பளக் கணக்கு மாதம் ஒரு முறை. மேலும் கணக்கு என்பது ஓடிக்கொண்டே இருக்கும் நீரோட்டம் அன்று. மார்ச் 31-ஆம் தேதி முடிவில் நிலவரம் என்ன என்றுதான் தணிக்கையாளர் கேட்கிறார். எதையும் நிறுத்தாமல் கணத்துக்குக் கணம் பதிந்துகொண்டே போகும் ஏற்பாட்டில், "இந்தக் கோட்டுக்கு இப்பால் எது, அப்பால் எது" என்று பிரிப்பதற்குக் கணக்குப் பிரிவு மறுபடியும் ஒரு கோட்டைக் கிழித்தாக வேண்டியிருக்கிறது. தொகுதி முறையில் அந்தக் கோடு பிறவியிலேயே கிடைக்கிறது.

2. காத்திருப்பவன் விழுந்தவனோடு சேர்ந்து விழுகிறான் என்பதை இவர்கள் ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? ஆர்டரை வாங்கும் இணையதளம் சரக்கிருப்பைக் கேட்கிறது. அது விலைப்பட்டியலைக் கேட்கிறது. அது கடன் வரம்பைக் கேட்கிறது. அது கணக்கைக் கேட்கிறது. ஐந்து மென்பொருள்கள், ஒவ்வொன்றும் மற்றதன் பதிலுக்காகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99.5 பங்கு நேரம் ஒழுங்காக வேலை செய்வதாகக் கொள்வோம். நடுத்தர ஸ்தாபனத்துக்கு இது மோசமான தரமன்று. தனியாக நின்றால் ஒரு மென்பொருள் 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் படுத்திருக்கும். ஐந்தும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டு, ஒன்றின் பழுதுக்கும் மற்றொன்றின் பழுதுக்கும் தொடர்பில்லையென்றால், எல்லாம் ஒருசேர எழுந்து நிற்கும் வாய்ப்பு 97.5 பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆர்டர் வாங்க முடியாத நேரம் மாதத்துக்கு ஏறக்குறைய 18 மணி. எந்த ஒரு மென்பொருளும் முன்பைவிடக் கெட்டுப்போகவில்லை. அவற்றை இணைத்த விதம் மட்டுமே இந்தச் சேதத்தை உண்டாக்கியது. ஐந்து பேர் கைகோத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும்போது ஒருவன் கால் வழுக்கினால் ஐவரும் நனைவார்கள். கைகோத்ததால் பலம் கூடியது என்று கரையில் நிற்பவன்தான் சொல்லிக்கொண்டிருப்பான்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் இருந்த பீட்டர் டாய்ச் 1994 வாக்கில், பல கணினிகளைச் சேர்த்து வேலை செய்விக்கப் புகுகிறவர்கள் தம்மையறியாமல் நம்பிவிடும் பொய்களைப் பட்டியலிட்டார். வலைப்பின்னல் எப்போதும் நம்பத்தக்கது என்பது அவற்றில் முதற்பொய். தகவல் போய்ச்சேர நேரமே ஆகாது என்பது இரண்டாவது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பட்டியல் பழசாகவில்லை. சொல்லப்போனால், முழுதாகப் படுத்துவிட்ட சர்வரைவிட மெதுவாக நடக்கும் சர்வரே அதிக ஆபத்தானது. படுத்துவிட்டதற்கு உடனே பிழைச்செய்தி வந்துவிடும். தள்ளாடிக்கொண்டிருப்பதோ கூப்பிட்டவனை அரை நிமிஷம் நிறுத்தி வைக்கிறது. அவனுக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். சற்று நேரத்தில் கூப்பிட்டவனே மூச்சடைத்து விழுகிறான். கணக்குப் பிரிவு ஞாயிற்றுக்கிழமை தன் மென்பொருளைப் புதுப்பிக்க விரும்பினால் அன்று விற்பனை நிற்குமென்பதால் விற்பனைப் பிரிவின் சம்மதம் வேண்டியிருக்கிறது. மென்பொருளோடு மனிதர்களின் கால அட்டவணையும் கட்டுண்டு போகிறது. செய்தியை வரிசையில் போட்டுவிட்டுப் போகும் முறையில் கணக்கு மென்பொருள் இரண்டு மணி நேரம் உறங்கினால், எழுந்ததும் வரிசையில் சேர்ந்ததை எடுத்து முடித்துக்கொள்ளும். டீலருக்கு அது உறங்கிய செய்தியே தெரியாது.

3. பதில் வராவிட்டால் என்ன பொருள்? நேரடி இணைப்பின் ஆதரவாளர்கள் பதில் இரண்டே வகை என்று கற்பித்துக்கொள்கிறார்கள்: ஆயிற்று, அல்லது ஆகவில்லை. மூன்றாவது ஒன்று உண்டு. அதன் பெயர் "தெரியாது". பணம் செலுத்தும்படி வங்கிக்குச் சொன்னோம். பதிலுக்குக் காத்திருந்த நேரம் தாண்டிவிட்டது. சொன்னது போய்ச் சேராமலே போயிற்றா, போய்ச் சேர்ந்து காரியமும் முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்பதைச் சொன்னவன் இருந்த இடத்திலிருந்து அறிவதற்கில்லை. கெட்ட நிரலாளரின் அஜாக்கிரதையால் வருவது அன்று இது. நம்பமுடியாத தூதரை இடையில் வைத்துக்கொண்டு இரு தளபதிகள் ஒரே நேரத்தில் தாக்குவது என்று நிச்சயமாக உடன்படவே முடியாது என்பதை 1970-களிலேயே தர்க்கரீதியாகக் காட்டிவிட்டார்கள். தரவுத்தளத் துறையின் மேதை ஜிம் கிரே 1978-இல் அந்தச் சிக்கலைப் பிரசித்தமாக்கினார். எத்தனை விலையுயர்ந்த மென்பொருளும் அந்த நிரூபணத்தைத் தாண்டிப் போகாது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுகிறவர்கள் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். யு.பி.ஐ.யிலும், ஐ.எம்.பி.எஸ். என்ற மற்றோர் உடனடிப் பரிமாற்ற ஏற்பாட்டிலும் ஒருவர் கணக்கில் பணம் கழிந்து, பெற வேண்டியவர் கணக்கில் ஏறாவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திருப்பியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. கடைக்காரருக்குச் செலுத்தியதில் இது நேர்ந்தால் ஐந்து நாள் அவகாசம். "தெரியாது" என்ற மூன்றாவது பதிலைத் தேசத்தின் மத்திய வங்கி கண்டு, அதற்குக் கெடுவும் அபராதமும் வகுத்திருக்கிறது. நம் ஸ்தாபனங்களின் இணைப்புத் திட்டங்களிலோ அதற்கு ஒரு பத்திகூட இல்லை. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். ஒரே ஆர்டர் இரண்டு லாரியில் போகிறது.

மறுபடி அனுப்புவதில் குற்றமில்லை. மறுபடி வந்ததைப் பெறுகிறவன் "இது ஏற்கெனவே வந்தது" என்று கண்டுகொள்ள வேண்டும், அவ்வளவே. இந்த விஷயத்தில் நம் அரசாங்கம் செய்துள்ள ஏற்பாட்டை மனமாரப் பாராட்டலாம், அரசாங்கத்தைப் பாராட்டுவது கட்டுரையாளர்களுக்கு வழக்கமில்லையென்றாலும். இ-இன்வாய்ஸ் போர்ட்டல் வழங்கும் 64 எழுத்து எண், விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, ஆவணத்தின் எண் ஆகியவற்றிலிருந்தே கணித்தெடுக்கப்படுகிறது. ஆதலால் ஒரே பில்லைப் பத்து முறை அனுப்பினாலும் பத்து பில் ஆகாது. இது முன்பே பதிவானது என்று போர்ட்டல் சொல்லிவிடும். இந்த ஒரு குணம் இருந்தால் நேரடி அழைப்பும் நல்லதே, செய்தி வரிசையும் நல்லதே, கோப்பும் நல்லதே. இது இல்லாவிட்டால் மூன்றும் தீது. நேரடி அழைப்பு அதே தீமையை இன்னும் விரைவாகச் செய்யும்.

4. "இதற்கெல்லாம் நடுவில் ஒரு தளத்தை வாங்கி வைத்துவிட்டால் போயிற்று" என்பது அடுத்த வாதம். பத்து மென்பொருள்களை ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்றாக இணைத்தால் 45 இணைப்புகள் வேண்டும், நடுவில் ஒரு மையம் இருந்தால் பத்தே போதும் என்ற கணக்கைக் காட்டாத விற்பனையாளர் இல்லை. பெருக்கல் சரி, அனுமானம்தான் தவறு. சம்பள மென்பொருளுக்கும் டீலர் இணையதளத்துக்கும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? மெய்யாகவே தேவைப்படும் இணைப்புகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான ஸ்தாபனங்களில் பத்துக்கு மேல் தேறாது. மியூல்சாஃப்ட் என்ற இணைப்புத் தள நிறுவனத்தை 2018-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் ஏறக்குறைய 650 கோடி டாலருக்கு வாங்கிற்று. இத்தனை பணம் புரளும் சந்தையில் 45 என்ற எண் அத்தனை உரக்க ஒலிப்பதில் வியப்பில்லை. மையம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது கம்பிகளை ஒழுங்காகக் கட்டித்தரும். வாடிக்கையாளரின் முகவரிக்கு எந்த மென்பொருள் பிரமாணம் என்ற தகராறை அது தீர்த்துத் தராது. அந்தத் தகராறு விற்பனை மேலாளருக்கும் கணக்கு மேலாளருக்கும் இடையில் உள்ளது.

5. எல்லாவற்றிலும் விபரீதமான கருத்து, உடனுக்குடன் இணைத்தபின் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை தேவையில்லை என்பது. இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் எழுதப்படுகிறபடியால் வித்தியாசம் வர வழியே இல்லையாம்! வித்தியாசம் வந்தால்? அப்போது இயந்திரம் சரி, மனிதன் பிழை என்று ஆகிவிடுகிறது. இது எங்கே கொண்டு போய்விடும் என்பதை அறிய பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும்.

1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் அமர்த்தப்பட்டது. கிளைகளை நடத்திவந்த உப-அஞ்சல் அதிகாரிகளின் பெட்டியில் இருக்க வேண்டியதாக மென்பொருள் காட்டிய தொகைக்கும் மெய்யாகவே இருந்த பணத்துக்கும் வித்தியாசம் வந்தது. வித்தியாசத்தை அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றது நிர்வாகம். கட்ட இயலாதவர்கள்மீதும், கணக்கை ஒப்பாதவர்கள்மீதும் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். 2019 டிசம்பரில்தான் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஃபிரேசர், அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்றும், அவை கிளைக் கணக்குகளில் வித்தியாசத்தை உண்டாக்க வல்லவை என்றும் தீர்ப்பளித்தார். 2024-இல் அந்தத் தண்டனைகளை மொத்தமாக நீக்க நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

அப்பிழைகளில் ஒன்று நம் விஷயத்துக்கு நேரே பொருந்துவது. ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் ஊரில் உள்ள கேலண்டர் ஸ்கொயர் கிளையின் பெயரால் அது அறியப்படுகிறது. ஒரு கவுண்டர் முனையத்தில் பதிந்தது அதே கிளையின் மற்றொரு முனையத்துக்குப் போய்ச் சேரவில்லை. சேராததால், ஒரு முறை நடந்த மாற்றம் திரும்பவும் பதிவாயிற்று. இது செய்திகளைப் படியெடுத்துப் பரப்பும் முறையில் நேர்ந்த பிழை, அதாவது நான் பரிந்து பேசும் முறைக்கு உறவான ஒன்றில் நேர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எந்த முறையிலும் வித்தியாசம் வரும். கேள்வி, வித்தியாசம் வருமென்று எதிர்பார்த்து அதைக் கண்டுபிடிக்கத் தனியான வழி ஒன்றை வைத்தோமா என்பதே. கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று தொடக்கத்திலேயே அனுமானித்துக்கொள்ளும் சட்டக் கோட்பாடு இங்கிலாந்து நீதிமன்றங்களில் அந்த மனிதர்களுக்கு எதிராக நின்றது. நம் அலுவலகங்களில் எழுதப்படாத கோட்பாடாக அதுவே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் ஏளனம் செய்யப்படும் கோப்புக்கு ஒரு பெருமை உண்டு. ஒழுங்காக அமைந்த கோப்பின் கடைசி வரியில் இத்தனை பதிவுகள், மொத்தத் தொகை இவ்வளவு என்று எழுதியிருக்கும். பெற்றவன் கூட்டிப் பார்த்து ஒத்துவந்தால்தான் ஏற்றுகிறான். ஒத்துவராவிட்டால் முழுவதையும் திருப்பி அனுப்புகிறான். கோப்பு அப்படியே பெட்டியில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டலாம். நம் பழைய கணக்கர்கள் நாள் முடிவில் குறிப்பேட்டையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்காமல் கடைச் சாவியை எடுத்ததில்லை. பள்ளி மாணவன்கூட வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடக் கற்கிறான். கணத்துக்கு நூறாகப் பறந்துபோகும் நேரடி அழைப்புகளுக்கும் இத்தகைய நாள்முடிவு ஒப்புநோக்கை அமைக்க முடியும். அமைத்தும் இருக்கிறார்கள், பெரிய வங்கிகளில். அங்கே அது நடப்பது எப்படி என்று பார்த்தால், இரு பக்கமும் அன்றைய பதிவுகளை இரவில் ஒரு கோப்பாகக் கட்டி ஒப்பிடுகிறார்கள்!

6. அமேசானைக் காட்டுகிறார்கள். 2002 வாக்கில் ஜெஃப் பெசோஸ், எல்லாப் பிரிவுகளும் தத்தம் தரவை வரையறுத்த இடைமுகங்களின் வழியாக மட்டுமே வெளியிட வேண்டும், வேறு கொல்லைப்புறம் எதுவும் கூடாது என்று ஆணையிட்டதாக அங்கே வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் எழுதினார். அது கொல்லைப்புறத்தை மூடுவதைப் பற்றிய ஆணை, உடனடியைப் பற்றியதன்று. எந்த நுட்பத்தால் செய்கிறீர்கள் என்பது பொருட்டல்ல என்பதும் அந்த விவரணத்திலேயே உள்ளது. ஆயிரக்கணக்கான பொறியாளர்களை வைத்து ஆளும் ஸ்தாபனத்தின் ஆணையில் பாதியை, ஒன்றரைப் பொறியாளர் உள்ள ஸ்தாபனம் பின்பற்றுவதன் நியாயத்தை நான் விளக்கப் புகவில்லை.

ஆகவே நேரடி இணைப்பே கூடாதென்பதா? அப்படி வாதித்தால் நானும் மறுபக்கத்துப் பிடிவாதக்காரன் ஆவேன். சினிமா இருக்கையையும் ரயில் படுக்கையையும் இருவருக்கு விற்கலாகாது. அங்கே கேட்டுப் பதில் வாங்கித்தான் தீர வேண்டும். கடன் வரம்பும் அப்படியே. இ-இன்வாய்ஸுக்கு உட்பட்ட ஸ்தாபனத்தில் போர்ட்டலின் எண் பெறாத பில் சட்டத்தின் கண்ணில் பில்லே அன்று. லாரி வாசலில் நிற்கிறது. அங்கே உடனடிக்கு மெய்யான காரணம் இருக்கிறது. அங்கும்கூட, பில்லை முதலில் தன்னிடத்தில் பதிந்துகொண்டு, போர்ட்டலுக்கு அனுப்ப வேண்டியதை ஒரு வரிசையில் நிறுத்தி, போர்ட்டல் தடுமாறினால் பொறுத்து மறுபடி முயலும் ஏற்பாடு இருந்தால் விற்பனைப் பிரிவின் திரை உறைந்து நிற்காது. டீலர் இணையதளத்துக்குச் சரக்கிருப்பு மாறும்போதெல்லாம் ஒரு செய்தி. பேரேட்டுக்கு இரவில், கூட்டுத்தொகை எழுதிய ஒரு கோப்பு. வங்கி ஸ்டேட்மென்ட் காலையில் ஒரு முறை. கடன் வரம்புக்கு மட்டும் நேரடிக் கேள்வி, அதற்கும் பதில் வராவிட்டால் குறிப்பிட்ட தொகை வரை ஆர்டரை ஏற்றுக்கொண்டு பிறகு பார்ப்பது என்ற விதி. அந்த விதியில் எத்தனை ரூபாய் என்று எழுதுவது என்பதை நிரலாளர் தீர்மானிக்க முடியாது. முதலாளிதான் தீர்மானிக்க வேண்டும். உடனடி இணைப்பைக் கேட்பதன் உள்நோக்கம் பல இடங்களில் அந்தத் தீர்மானத்தைத் தவிர்ப்பதாகவே இருக்கிறது.

7. கடைசியாக, அண்மையில் முளைத்த ஒரு வாதம். இணைப்பு எழுதுவது முன்பு கடினம், இப்போது செயற்கை அறிவு அரை மணியில் எழுதித் தருகிறது, ஆகையால் எல்லாவற்றையும் இணைத்துவிடுவதில் நஷ்டம் என்ன என்கிறார்கள். எழுதும் செலவு எப்போதும் சிறு செலவுதான். எதிர்ப்பக்கம் மாறும்போது வருவதே பெருஞ்செலவு. எப்போது மாறுவது என்பது எதிர்ப்பக்கத்தின் இஷ்டம். ஆண்டு விற்றுமுதல் 12 கோடி ரூபாய் உள்ள ஒரு ஸ்தாபனத்தை எடுத்துக்கொள்வோம். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடங்கியபோது அதற்குச் சம்பந்தமில்லை. வரம்பு 100 கோடி, 50 கோடி, 20 கோடி என்று இறங்கி 2022 அக்டோபரில் 10 கோடிக்கு வந்தபோது அது வளையத்துக்குள் வந்தது. 2023 ஆகஸ்டில் 5 கோடியாகக் குறைந்ததும் அதன் சிறு துணை ஸ்தாபனமும் வந்தது. 2025 ஏப்ரல் முதல், 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதியாவிட்டால் போர்ட்டல் ஏற்காது என்ற விதியும் சேர்ந்தது. போர்ட்டலோடு பேசும் வேலையை ஒரே வாசலில் வைத்து, உள்ளே இருப்பவையெல்லாம் அந்த வாசலில் செய்தியை மட்டும் போடும்படி அமைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் அந்த ஓர் இடத்தைத் திருத்தினால் முடிந்தது. இணையதளம் ஒரு பக்கம், கிடங்கு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று ஆளாளுக்கு நேரடியாகப் போர்ட்டலைக் கூப்பிட எழுதி வைத்திருந்தால், எங்கெங்கே கூப்பிடுகிறோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்; விற்பனையாளர் கொடுக்கும் விலைப்புள்ளியில் அந்தச் சம்பளத்துக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம்.